மிதந்த மிளகும் சில கிரேக்கர்களும்

கிரேக்கர்களைக் கூட்டிக்கொண்டு கொல்லிமலைக்கு வந்துவிடுங்கள் என்று சொன்னது ஸ்டெல்லாதான். தொலைதூரக் கல்வி மாணவர்களுக்காக நான் ஒரு பாடம் எழுத வேண்டியிருந்தது. உலகத்தில் மெய்யாகவே இருப்பது எது, அது நமக்கு எப்படித் தெரிகிறது என்று இரண்டாயிரத்துச் சொச்சம் வருடங்களுக்கு முன்னால் கிரேக்க நாட்டில் சிலர் மண்டையை உடைத்துக்கொண்டார்களே, அதைப் பற்றி. நாற்பது பக்கம் கேட்டிருந்தார்கள். தூத்துக்குடியில் என் வீட்டு மேசையில் உட்கார்ந்து மூன்று மாதத்தில் நான்கு பக்கம் எழுதியிருந்தேன். அதில் ஒன்று பொருளடக்கம்.

ஸ்டெல்லா பள்ளி விடுதியில் எனக்கு இளையவள். இப்போது அரசு கால்நடை மருத்துவர். மலைக்கு மாற்றலாகி வந்து இரண்டு வருடம் ஆகிறது. "இங்க யாரும் உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டாங்க அக்கா. போனும் சரியா எடுக்காது. எட்டு நாள் இருந்து எழுதி முடிச்சிட்டுப் போங்க" என்றாள். அதை நம்பிப் பெட்டியைக் கட்டினேன்.

கிரேக்கர்களுக்கு நான் வைத்திருந்த பெயர்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர்களுடைய சொந்தப் பெயர்கள் எல்லாமே ஒரே மாதிரி முடிந்து மாணவர்களைக் குழப்பும். உண்மையில் என்னையும் குழப்பும். அதனால் என் குறிப்பேட்டில் தொழில்பெயர் மாதிரி வைத்திருந்தேன். எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கிறது, ஒரே ஆற்றில் இரண்டு முறை இறங்க முடியாது என்றவர் ஆற்றுக்காரர். மாற்றமே கிடையாது, அசைவதுபோலத் தெரிவது வெறும் தோற்றம் என்றவர் அசையாதவர். நாம் பார்ப்பதெல்லாம் குகைச் சுவரில் விழும் நிழல், அசல் வெளியே இருக்கிறது என்றவர் குகைக்காரர். அவருக்கு வாத்தியார், தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிக்கொண்டே போகிற வருகிறவர்களை எல்லாம் கேள்வி கேட்டு மடக்கியவர், கேள்விக்காரர்.

முதல் நாள் பேளுக்குறிச்சியில் இறங்கினேன். அன்று அங்கே வாரச்சந்தை. ஸ்டெல்லா காய்கறி வாங்க மலையிலிருந்து வந்திருந்தாள். பையும் பெட்டியுமாக அவள் பின்னால் போனேன். எங்கள் ஊர்ச் சந்தைக்கு மீன் வாடை என்றால் இந்தச் சந்தைக்கு மல்லி, சீரகம், வெந்தய வாடை. வருடத்துக்கு வேண்டிய மசாலாச் சாமானை மொத்தமாக வாங்கிப் போக எங்கெங்கிருந்தோ பெண்கள் வந்திருந்தார்கள். மூட்டை மூட்டையாக வைத்திருந்த வியாபாரிகளுக்கு நடுவே, ஒரு சாக்கை விரித்து மிளகைக் குவித்து வைத்துக்கொண்டு நாற்பது நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மலைக்காரர், பொன்னாயி என்று பெயர், சொந்தத் தோட்டத்து மிளகு என்று ஸ்டெல்லா சொன்னாள். கால் கிலோ வாங்கினேன். பொட்டலத்தைக் கட்டும்போது பொன்னாயி என்னிடம் ஏதோ சொன்னார். எதிர்வரிசையில் ஒருவர் எலிப்பொறி விற்றுக்கொண்டிருந்த விதம் அருமையாக இருந்ததால் நான் அதைப் பார்த்தபடியே தலையை ஆட்டினேன்.

மலைக்குப் பஸ் ஏறினோம். எழுபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிப் பலகை வைத்திருக்கிறார்கள். அது ஆறுதலுக்கா, பயமுறுத்தவா என்று தெரியவில்லை. முப்பதாவது வளைவில் எனக்குப் பின்னால் இருந்தவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். நாற்பதாவதில் நானும் நீட்டினேன். அசைவு என்பதே பொய் என்று ஒருவர் நிரூபித்திருக்கிறார் தெரியுமா என்று ஸ்டெல்லாவிடம் முனகினேன். அவரை இந்தப் பஸ்ஸில் கடைசி சீட்டில் ஏற்றிவிட வேண்டும் என்றாள்.

இரண்டாம் நாள் காலை, செம்மேட்டை அடுத்த அரசு ஊழியர் குடியிருப்பில், போர்வைக்குள்ளிருந்து வெளியே வராமல் மூன்று பக்கம் எழுதினேன். காற்று குளிரா இல்லையா என்ற கேள்வியைக் கிரேக்கர் ஒருவர் மிகப் பிரமாதமாகத் தீர்த்திருக்கிறார். மனிதன்தான் எல்லாவற்றுக்கும் அளவுகோல், குளிர்கிறது என்பவனுக்குக் குளிர், இல்லை என்பவனுக்கு இல்லை, இருவர் சொல்வதும் மெய் என்று. ஸ்டெல்லா ஸ்வெட்டர் போட்டிருந்தாள். நான் ஸ்வெட்டருக்கு மேல் போர்வை. பால் ஊற்ற வந்தவர் சட்டையின் மேல் பொத்தான்கூடப் போடவில்லை. மூன்று பேர் சொல்வதும் மெய்யென்று ஒப்புக்கொண்டு ஒரு காபி குடித்தேன். எழுத்து ஓடியது.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ஓர் உதாரணம் தேவைப்பட்டது. வெறும் அபிப்பிராயத்துக்கும் அறிவுக்கும் என்ன வேறுபாடு என்று கிரேக்கர்கள் கேட்டதைத் தமிழ் மாணவர்களுக்கு உறைக்கும்படி சொல்ல வேண்டும். யோசித்துக்கொண்டே ரசத்துக்கு மிளகு எடுத்தேன். தூத்துக்குடியில் எங்கள் தெரு வாட்ஸப் குழுவில் எப்போதோ வந்த ஒரு வீடியோ ஞாபகம் வந்தது. மிளகில் பப்பாளி விதையைக் கலந்துவிடுகிறார்கள். தண்ணீரில் போட்டால் மிளகு மூழ்கும், பப்பாளி விதை மிதக்கும். ஒரு கைப்பிடி மிளகை டம்ளர் தண்ணீரில் போட்டேன். முக்கால்வாசி அடியில் போய் உட்கார்ந்தது. கால்வாசி மேலே நின்று என்னைப் பார்த்தது.

என் மனநிலையை ஒளிக்காமல் சொல்ல வேண்டுமென்றால், ஏமாற்றப்பட்ட கோபம் கொஞ்சம், உதாரணம் கிடைத்த சந்தோஷம் நிறைய. ரசத்தை அப்படியே விட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன். கண்ணுக்கு எல்லாம் கறுப்பு உருண்டைதான். கண்ணை நம்புகிறவனுக்கு இருப்பது அபிப்பிராயம். தண்ணீரில் போட்டுச் சோதிப்பவனுக்குத் தெரிவது அறிவு. சந்தையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த அந்த வெள்ளந்தி முகத்தைக்கூட வர்ணித்திருந்தேன். தோற்றம் வேறு, மெய் வேறு என்பதற்கு அந்த முகமும் ஓர் உதாரணமாகிவிட்டது. இரண்டரைப் பக்கம். மூன்று மாதத்தில் நான் எழுதியதிலேயே நன்றாக வந்தது அதுதான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அதை வாசித்தும் காட்டினேன். ஸ்டெல்லாவின் வீட்டு வராண்டாவில் டீ குடிக்க நாலைந்து பேர் கூடுவார்கள். எல்லாரும் கீழே இருந்து வேலைக்கு வந்தவர்கள். இராசிபுரத்துக்காரரான பள்ளி ஆசிரியர் தங்கராசு சார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். குகைக்காரர் வந்தபோது மூடிய கண் மூடியபடி இருந்தது. மிளகு வந்ததும் திறந்தது. முடிந்ததும் ஒருவரும் கிரேக்கரைப் பற்றிக் கேட்கவில்லை. யார் விற்றது என்றுதான் கேட்டார்கள். நான் சொன்னேன். ஸ்டெல்லா அப்போது ஒரு கன்றுக்கு ஊசி போடப் போயிருந்தாள். இருந்திருந்தால் என் வாயை அடைத்திருப்பாள் என்று பிறகு சொன்னாள்.

நான்காம் நாள் மழை. அன்னாசிப்பழம் தின்றேன், ஆறு பக்கம் எழுதினேன், வேறொன்றும் நடக்கவில்லை. நடக்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் காலை வாசலில் பொன்னாயி நின்றார். எட்டு மணிப் பஸ்ஸில் வந்திருக்கிறார். பஸ்ஸைப் பிடிக்கவே அவர் ஊரிலிருந்து வெகுதூரம் நடக்க வேண்டும். கோபமாக வந்த மாதிரித் தெரியவில்லை. உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. பையிலிருந்து மூன்று பொட்டலங்களை எடுத்து வாசற்படியில் வரிசையாக வைத்தார். குடியிருப்பில் அவரிடம் வழக்கமாக மிளகு வாங்குகிற மூன்று வீட்டுக்காரர்கள் திருப்பிக் கொடுத்தவை. ஒரு பொட்டலம் பிரிக்கவேபடவில்லை.

"ஏனுங்க, நான் பப்பாளி வெதை கலந்து விக்கறேன்னு சொன்னீங்களாமா?" என்று கேட்டார்.

தண்ணீரில் மிதந்தது என்று ஆரம்பித்தேன். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். எங்க தோட்டத்துல பப்பாளி மரமே கிடையாது என்றார். தோட்டத்தில் மரம் இல்லை என்பதால் விதை இல்லை என்று ஆகிவிடாது என்று என் வாய்வரை வந்தது. தருக்கப்படி அது சரியும்கூட. ஸ்டெல்லா பின்னாலிருந்து என் முழங்கையைக் கிள்ளினாள்.

விஷயம் பொட்டலத்தோடு நிற்கவில்லை. பேளுக்குறிச்சியில் வருடா வருடம் பொன்னாயியின் மிளகில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிற மண்டிக்காரருக்குத் தங்கராசு சார் போன் போட்டுச் சொல்லியிருக்கிறார். பொதுநலம் கருதி. இந்த வாரம் மூட்டையைக் கொண்டுவர வேண்டாம் என்று மண்டிக்காரர் சொல்லி அனுப்பிவிட்டார். சாமையும் மரவள்ளியும் பொன்னாயி வீட்டுச் சாப்பாட்டுக்கு. விற்பதற்கென்று இருப்பது மிளகு ஒன்றுதான்.

"நீங்க படிச்சவங்க. நீங்க சொன்னா ஊரே நம்புமுங்க. ஒருக்கா எங்க ஊட்டுக்கு வந்து பாருங்க. பாத்துட்டு அப்புறம் என்ன வேணாலும் சொல்லுங்க" என்றார். பொட்டலங்களைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

அன்று முழுவதும் ஒரு வரி எழுதவில்லை. பப்பாளிதான் என்று ஒரு மனமும், ஒருவேளை இல்லையோ என்று ஒரு மனமும் மாறி மாறிப் பேசின. ஸ்டெல்லா என்னைத் திட்டவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு வைத்த ரசத்தில் மிளகு போடவில்லை, அவ்வளவுதான். பெருங்காயமும் தக்காளியுமாக அந்த ரசத்தைக் குடித்தபோது திட்டியிருந்தாலே தேவலை என்று இருந்தது.

ஆறாம் நாள் ஸ்டெல்லாவின் ஸ்கூட்டரில் குண்டூர் நாட்டுப் பக்கம் கிளம்பினோம். அங்கே ஒரு சிற்றூரில்தான் பொன்னாயியின் வீடு. மலையில் ஊர்களை நாடு நாடாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டுக்குள் இத்தனை நாடு இருப்பது பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரியாது. போன் வரைபடத்தில் ஒரு நீலக் கோடு தெரிந்தது. மூடுபனியில் பாதை தெரியவில்லை. ஒரு கவட்டையில் பாதை இரண்டாகப் பிரிந்தது. அங்கே பலாமரத்தடியில் நின்றிருந்த ஒருவரிடம் கேட்டோம். அவர் ஒரு நொடிகூடத் தயங்காமல் இடதுபக்கம் கையைக் காட்டினார். அந்த உறுதியைக் கண்டு எனக்கு மெய்சிலிர்த்தது. வழியைத் தானே நடந்து அறிந்தவனும், சரியாக ஊகித்தவனும் ஊருக்குப் போய்ச் சேர்வதில் வேறுபாடு இல்லை என்று ஒரு கிரேக்க வாதம் உண்டு, அதைப் பின்னால் உட்கார்ந்து ஸ்டெல்லாவுக்கு விளக்கிக்கொண்டே போனேன். தப்பாக ஊகித்தவனைப் பற்றி அந்த வாதத்தில் அதிகம் இல்லை.

இடதுபக்கப் பாதை ஓர் ஓடையில் போய் முடிந்தது. ஸ்டெல்லா பிரேக் பிடித்தாள். ஸ்கூட்டர் கேட்டது, ஆனால் சேறு கேட்கவில்லை. முழங்கால் தண்ணீரில் மூவரும் நின்றோம், ஸ்கூட்டரையும் சேர்த்து. "இதே ஓடையில ரெண்டாவது தடவை இறங்க முடியாதுன்னு உங்க ஆள் ஒருத்தர் சொன்னாரே, சந்தோஷம்" என்றாள் ஸ்டெல்லா. தள்ளிக்கொண்டு கவட்டைக்குத் திரும்பியபோது அந்த மனிதர் அங்கேயே நின்றிருந்தார். நீங்கள் இந்த ஊரா என்று கேட்டேன். இல்லீங்க, பைப்பு மாட்ட நாமக்கல்லிலிருந்து வந்தேன், யாராவது வந்தால் வழி கேட்கலாம் என்று நிற்கிறேன் என்றார். அவரையும் அழைத்துக்கொண்டு வலதுபக்கம் போனோம்.

பொன்னாயி வீட்டில் சாமைச் சோறு வடித்து, மொச்சைக் குழம்பு வைத்து, மரவள்ளிக்கிழங்கு வேகவைத்து, ஸ்டெல்லா சொல்லி அனுப்பியிருந்ததால் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். தன்மேல் பழி போட்டவளுக்கு முதலில் சோறு போட வேண்டும் என்று அந்த வீட்டில் யாரும் யோசித்து முடிவெடுத்த மாதிரித் தெரியவில்லை. வந்தவர்களுக்குச் சாப்பாட்டு நேரம், அவ்வளவுதான். பைப்புக்காரர் எங்களுக்கு முன் உட்கார்ந்துவிட்டார். சாமைச் சோறு நாக்கில் மணல் மாதிரி உதிரும் என்று நினைத்திருந்தேன். குழம்போடு சேர்ந்தபோது அரிசிச் சோற்றை மறந்துபோனேன். இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன். வெட்கம் இருந்தது, பசி அதைவிட அதிகமாக இருந்தது.

சாப்பிட்டதும் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார் பொன்னாயி. உயரமான மரங்களைச் சுற்றி மிளகுக்கொடி ஏறியிருந்தது. ஒரு மூங்கிலில் கணுவுக்குக் கணு கால் வைக்க இடம் விட்டுச் செய்த ஒற்றை ஏணியைச் சாத்தி, என்னை ஏறச் சொன்னார். ஐந்து கணு ஏறினேன். அதற்குமேல் தத்துவம் படித்தவர்கள் ஏறக் கூடாது. கைக்கு எட்டிய ஒரு சரத்தைப் பறித்தேன். விரல் நீளச் சரத்தில் பச்சை மணிகள் நெருக்கமாக, நடுவே ஒன்றிரண்டு சிவப்பு. சரத்தின் நுனிக்கு வரவர மணிகள் சிறுத்து, கடைசியில் கடுகளவுக்கு இருந்தன. பூ விட்ட சமயத்தில் மழை தவறிவிட்டதால் இந்த வருடம் நுனி மணிகள் முற்றவில்லை என்றார் பொன்னாயி. ஒன்றைக் கிள்ளிப் பிளந்து காட்டினார். உள்ளே பாதி வெறுமை.

களத்தில் பாய் விரித்து மிளகு காய்ந்துகொண்டிருந்தது. ஓர் ஓரத்தில் நேற்றுப் பறித்தது, பச்சை. நடுவில் முந்தாநாளைக்கு முந்தினது, பழுப்பு. கடைசியில் கறுப்பு. சிவந்த பழத்தை ஊறவைத்துத் தோலை எடுத்தால் வெள்ளை மிளகு என்று ஒரு கிண்ணத்தையும் காட்டினார். நான்கு நிறம். இதில் எது மெய்யான மிளகு என்று ஆற்றுக்காரரும் அசையாதவரும் ஒருவர் வேட்டியை ஒருவர் பிடித்துக்கொண்டு சண்டை போட்டிருப்பார்கள். பொன்னாயி முறத்தை எடுத்துக் காய்ந்த மிளகைப் புடைத்தார். கனமானது முறத்திலேயே நின்றது. இலேசானது முன்னால் போய் விழுந்தது. அதைக் கூட்டி அள்ளி ஒரு செம்புத் தண்ணீரில் போட்டார். எல்லாம் மிதந்தது.

"இது பொக்கு மிளகுங்க" என்றார்.

அப்புறம் அவர் என்னைச் சில கேள்விகள் கேட்டார். மடக்குவதற்காகக் கேட்ட மாதிரி இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"பப்பாளி வெதைய காயவெச்சு நீங்க பாத்திருக்கீங்களா?"

"இல்லை."

"அது கசக்குமா, காருமா?"

"தெரியாது."

"தண்ணியில போட்டுப் பாத்திருக்கீங்களா?"

"இல்லை. போன்ல ஒருத்தர் போட்டுக் காட்டினார்."

"அவரு யாருங்க?"

அதுவும் தெரியாது. அந்த வீடியோவில் முகம்கூட வரவில்லை, இரண்டு கைகளும் ஒரு டம்ளரும்தான் வந்தன. ஸ்டெல்லா ஆட்டுக்குட்டி ஒன்றின் காதைச் சோதிக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சுவரில் ஆடும் நிழலைப் பார்த்து அதுதான் உலகம் என்று நம்பிக்கொண்டிருக்கும் கைதிகளைப் பற்றி நான் ஒன்பது பக்கம் எழுதியிருந்தேன். அவர்கள்மேல் அதுவரை எனக்கு ஓர் இரக்கம் இருந்தது.

மிதந்த மணிகளில் ஒன்றை எடுத்துக் கடிக்கச் சொன்னார் பொன்னாயி. கடித்தேன். காரம் என்பது நாம் வைத்துக்கொண்ட பேர், உள்ளே இருப்பது கூர்முனை கொண்ட நுண்ணிய அணுக்கள்தான் என்றார் இன்னொரு கிரேக்கர். அந்த முனைகள் என் நாக்கை ஒருவழி பண்ணின. முற்றாத மணியானாலும் மிளகு மிளகுதான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பொன்னாயி மெதுவாகச் சொன்னார். "சந்தையிலயே சொன்னனுங்களே. இந்த வருசம் பொக்கு கொஞ்சம் இருக்குது, புடைக்கறதுக்கு நேரமில்ல, அதான் வெலை கொறச்சுத் தாரேன், ஊட்டுல புடைச்சுக்குங்கன்னு. நீங்க தலையாட்டுனீங்க."

எலிப்பொறிக்காரர் என் கண்முன் வந்துபோனார். மன்னிப்புக் கேட்டேன். மன்னிப்பைப் பொன்னாயி என்ன செய்வதென்று தெரியாத மாதிரி வாங்கிக்கொண்டார். அவருக்கு வேண்டியது அது இல்லை. என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். சந்தைக்கு வந்து, தன்னிடம் சொன்ன இந்த வார்த்தையை மண்டிக்காரரிடம் சொல்ல வேண்டும், நாலு பேர் கேட்கச் சொல்ல வேண்டும் என்றார்.

ஏழாம் நாள் இரண்டரைப் பக்கத்தைக் கிழித்தேன். அன்று சாயங்காலம் வராண்டாவில் டீ ஆறுவதற்குள் எல்லாரிடமும் நடந்ததைச் சொன்னேன். கிரேக்கர் யாரும் இல்லாமல் சொன்னதாலோ என்னவோ, கவனமாகக் கேட்டார்கள். பொட்டலத்தைப் பிரிக்காமலே திருப்பியவர் தங்கராசு சார்தான் என்று அப்போது தெரிந்தது. அவர் காதெல்லாம் சிவந்தது. மண்டிக்காரருக்குத் தானே போன் செய்வதாகச் சொன்னார். சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு நடந்து போய், கிடைக்காமல் திரும்பி வந்தார். நல்ல செய்திக்கு அந்த மலையில் கோபுரம் இல்லை போலிருக்கிறது.

எட்டாம் நாள் முதல் பஸ்ஸில் பொன்னாயி மூட்டையோடு ஏறினார். நானும் பெட்டியோடு ஏறினேன். எழுபது வளைவும் இறங்குமுகமாக வந்தன. பொன்னாயி எனக்கு ஓர் எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து முகர்ந்துகொண்டே வரச் சொன்னார். தன்மேல் பழி போட்டவள் வாந்தி எடுக்காமல் போய்ச் சேர வேண்டும் என்பதில் அவருக்கும் அக்கறை இருந்தது. சாட்சி நான் ஒருத்திதானே. என்ன பேசுவது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். முப்பது வருடம் வகுப்பெடுத்தவளுக்கு அன்று நாலு வரியை மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது.

மண்டிக்காரர் பெரிய மீசையோடு ஒரு சிறிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூட்டையைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பினார். நான் முன்னால் போய், தப்பு என்னுடையது, அந்த மிளகில் பப்பாளி விதை இல்லை, நான் பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லிவிட்டேன் என்றேன். வகுப்பில் பேசுகிற குரலில் சொன்னதால் பக்கத்துக் கடைக்காரர்களும் வாங்க வந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு சின்னக் கூட்டமே சேர்ந்துவிட்டது. அத்தனை பேர் முன்னாலும் எப்படி அந்தத் தப்பைச் செய்தேன் என்று டம்ளர், வீடியோ எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு பேர் சிரித்தார்கள். சிரித்தது சரிதான்.

மண்டிக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அன்றைக்கு ஒருத்தர் கலப்படம் என்றார், இன்றைக்கு நீங்கள் இல்லை என்கிறீர்கள், நான் யார் பேச்சைக் கேட்பது என்றார். நியாயமான கேள்வி. பொன்னாயிதான் மூட்டையின் வாயை அவிழ்த்தார்.

"எங்க பேச்ச எதுக்குங்க கேக்கறீங்க. உங்க கைய உடுங்க."

மண்டிக்காரர் முழங்கை வரைக்கும் மூட்டைக்குள் கையை விட்டார். அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் தேய்த்தார், முகர்ந்தார், இரண்டு மணியைக் கடித்தார். நான்கு மூச்சு நேரம்கூட ஆகியிருக்காது. "புடைச்சும் பொக்கு பத்துல ஒண்ணு இருக்கும். வேற ஒண்ணும் இல்ல" என்றார். அதற்குள் பொன்னாயி ஒரு கேள்வி கேட்டுவிட்டார். இத்தனை வருடமாக அள்ளிப் பார்க்கிற கை, இந்த ஒரு தடவை போனிலேயே முடிவு பண்ணியது எதனால் என்று. மண்டிக்காரர் மீசையைத் தடவினார். மூட்டையை உள்ளே தூக்கி வைக்கச் சொல்லி ஆளைக் கூப்பிட்டார். கேள்விக்காரரின் ஊரில் இப்படிக் கேட்டவருக்கு விஷம் கொடுத்தார்கள். பேளுக்குறிச்சியில் டீ சொன்னார்கள்.

என் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. பொன்னாயி சில்லறைக்கென்று கொண்டுவந்த மிளகைச் சாக்கில் குவித்துவிட்டு, உப்பும் தேங்காயெண்ணெயும் வாங்கி வருகிறேன், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று என்னை உட்காரவைத்துவிட்டுப் போனார். சாக்கின் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். போகிறவர்கள் மிளகைப் பார்த்தார்கள், என் மூக்குக்கண்ணாடியைப் பார்த்தார்கள், போனார்கள்.

திருச்செங்கோட்டிலிருந்து வந்த ஓர் அம்மா குனிந்தார். கையில் பெரிய பை, முகத்தில் பெரிய சந்தேகம்.

"நல்ல மொளகுதானுங்களா?"

"நல்ல மிளகுதாங்க" என்றேன்.

"நீங்க மலைக்காரங்களா?"

"இல்லீங்க. தூத்துக்குடி."

"அப்புறம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இருந்தது. கொடியிலிருந்து ஆரம்பித்தேன். ஒற்றை ஏணி, நான் ஏறிய ஐந்து கணு, சரத்தின் நுனியில் முற்றாத மணி, பாயில் நான்கு நிறம், முறம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனேன். அந்த அம்மா ஏணி வரைக்கும் பொறுமையாகக் கேட்டார். அப்புறம் நான் பேசப் பேசவே குவியலிலிருந்து ஒரு மிளகை எடுத்து வாயில் போட்டுக் கடித்தார். கண் கலங்கியது. மூக்கை முந்தானையால் ஒற்றிக்கொண்டார்.

"அரைக் கிலோ போடுங்க" என்றார்.